பட்டன் இருந்த இடம்

என் மனைவி இறந்த பிறகும் தினமும் காலை ஒன்பது மணிக்கு வேலைக்கு வந்துகொண்டிருந்தாள். பயமுறுத்துவதற்காக இதைச் சொல்லவில்லை. எங்கள் தொழிலில் இப்படி நடக்க வழி இருக்கிறது.

நாங்கள் இருவரும் ஒரே நிறுவனத்தில் வேலை பார்த்தோம். பிராணிகள் ஆஸ்பத்திரிகளின் கவுன்டருக்கான புரோகிராம் ஒன்றைச் செய்கிற சின்ன நிறுவனம். யாராவது நாயையோ பூனையையோ தூக்கிக்கொண்டு வந்தால், கவுன்டரில் இருப்பவர் அதில் பெயரைப் பதிவார், டோக்கன் கொடுப்பார், ஊசி போட்ட தேதியைக் குறிப்பார். கணினியில் நிறுவிக்கொள்கிற புரோகிராம்தான். ஆனால் சட்டையைக் கழற்றிப் பார்த்தால் உள்ளே இருப்பது ஓர் இணையப் பக்கம். நான் அதை எழுதுகிறவர்களில் ஒருவன். அவள் அதைச் சோதிக்கிறவள்.

சோதனை என்றால் கவுன்டர்காரர் செய்யக்கூடிய எல்லாவற்றையும் செய்து பார்ப்பது. தினமும் கையால் செய்ய யாராலும் முடியாது. அதற்கு ரெக்கார்டர் என்று ஒன்றை வைத்திருந்தோம். ஒருமுறை அவள் செய்து காட்டுவாள். மவுஸ் போன பாதை, அழுத்திய இடம், தட்டிய எழுத்து, நடுவில் நின்ற நேரம் எல்லாவற்றையும் அது பிடித்துக்கொள்ளும். பிறகு ஒவ்வொரு நாள் காலையிலும் அதையே அச்சு அசலாகத் திரும்பச் செய்யும். கடைசியில் திரையைப் படம் எடுத்து, பழைய படத்தோடு ஒப்பிட்டு, பாஸ் அல்லது ஃபெயில் என்று சொல்லும்.

பதிவு செய்ததை வைத்துக்கொள்வதற்கு முன் 'சுத்தம் செய்' என்று ஒரு பட்டன் உண்டு. வீண் அலைச்சலையும் தயக்கத்தையும் அது வெட்டி எறிந்துவிடும். மற்றவர்கள் எல்லோரும் அதை அழுத்துவோம். அவள் அழுத்த மாட்டாள்.

"கவுன்டர்ல இருக்கறவங்க ஒரு கையில பூனையை அமுக்கிப் பிடிச்சுக்கிட்டு இன்னொரு கையில டைப் பண்றாங்க. அவங்க கை நேர்க்கோட்டுலயா போகும்? தடுமாறினாலும் தாங்குதான்னு பார்க்கத்தானே எனக்குச் சம்பளம்" என்பாள்.

அதனால் அவளுடைய பதிவுகளில் எல்லாமே இருந்தது. போன் நம்பரை அடித்து முடித்துவிட்டு முதல் எண்ணுக்குத் திரும்பிப் போய் ஒருமுறை பார்ப்பது. 'சேமி' பட்டனை அழுத்துவதற்கு முன் அம்புக்குறியால் அதைச் சுற்றி ஒரு வட்டம் போடுவது. ஒரு பதிவின் நடுவே நீண்ட நிறுத்தம். எதற்காக நின்றாள் என்று எனக்கு நினைவில்லை. நான் கூப்பிட்டிருக்கலாம்.

சோதனைக்கென்று சில பிராணிகளையும் அவள் உண்டாக்கியிருந்தாள். மேனேஜர் என்று ஒரு குண்டு நாய். எக்ஸ்பிரஸ் என்று ஓர் ஆமை. வக்கீல் என்று ஒரு கிளி. இதில் வக்கீலுக்குத்தான் கஷ்டமான உத்தியோகம். ஒரு பிராணி இறந்துவிட்டால் அதன் பக்கத்தில் 'இறந்தது' என்ற கட்டத்தில் டிக் போட வேண்டும். போட்டபின் அந்த வீட்டுக்குத் தடுப்பூசி நினைவூட்டல் போகக் கூடாது. அது சரியாக நடக்கிறதா என்று பார்ப்பதற்காக வக்கீல் தினமும் காலையில் பதிவாவான், மருந்து வாங்குவான், செத்துப்போவான். செத்த சோதனைப் பிராணிகளைப் புரோகிராமே துடைத்துவிடும். மறுநாள் புதிய வக்கீல்.

ரெக்கார்டரின் லைசென்ஸ் கடைசியில் ஒரே ஒரு கணினிக்குத்தான் மிஞ்சியிருந்தது. அது அவளுடைய கணினி. வீட்டிலிருந்து வேலை பார்த்ததால் படுக்கையறை ஜன்னலோரம் அவள் மேசை மேல் இருந்தது.

ஒரு காய்ச்சல் வந்தது. ஆஸ்பத்திரிக்கு நடந்துதான் போனாள். அதற்கு மேல் அதைப் பற்றி எழுத என்னிடம் ஒன்றும் இல்லை.

கணினியை யாரும் நிறுத்தவில்லை. நிறுத்தக் காரணமும் இல்லை. ஒன்பது மணிக்குத் திரை விழிக்கும். அதன் வெளிச்சம் எதிர்ச் சுவரில் விழும். திரையில் புரோகிராமின் ஜன்னல் திறக்கும், அம்புக்குறி நகரத் தொடங்கும். உயிரோடு இருந்தபோது அவள் விசைகளை அடிக்கிற அடி பக்கத்து அறைக்குக் கேட்கும். இப்போது சத்தமே இல்லை. வித்தியாசம் அது ஒன்றுதான். நான் கூடத்தில் என் லேப்டாப்போடு உட்கார்ந்திருப்பேன். அந்தப் பக்கம் போக மாட்டேன்.

அத்தைதான் போனாள். அத்தை என்றால் அவள் அம்மா. காய்ச்சல் என்று கேள்விப்பட்டு வந்தவள், திரும்பிப் போகவில்லை. நானும் போகச் சொல்லவில்லை. ஒரே வீட்டில் இருந்தோம். சாப்பிட்டீங்களா, சாப்பிட்டேன், குடை எடுத்தீங்களா, எடுத்தேன். இதுதான் எங்கள் பேச்சு. ஒரு நாள் காலை மேசையைத் துடைக்கப் போனவள் கத்தினாள்.

"மாப்பிள்ளை! இங்க வாங்களேன். இந்த அம்பு தானா நகருது!"

போனேன். திரையில் கிளியின் பெயர் எழுத்து எழுத்தாக விழுந்துகொண்டிருந்தது. அத்தை துடைக்கும் துணியை மார்போடு சேர்த்துப் பிடித்திருந்தாள்.

"ஒண்ணும் இல்ல அத்தை. அவ ரெக்கார்ட் பண்ணி வெச்சது."

"யாரு, நம்ம..."

"ஆமா. அவ அன்னிக்குச் செஞ்சதை இது திரும்பச் செய்யுது."

"டேப்புல பாட்டு ஓடற மாதிரியா?"

"அப்படித்தான்" என்றேன்.

உண்மையில் அப்படி இல்லை. டேப்பில் பாடுகிறவர் எழுந்து வந்து வீட்டைப் பெருக்க மாட்டார். இது பெருக்கும். இன்றைய தேதியில், இன்றைய புரோகிராமில், நிஜமாகவே ஒரு கிளி பதிவாகும். செத்தவர்களின் வீடியோ பலர் வீட்டில் இருக்கிறது. செத்தவர்கள் முடித்துவைக்கிற வேலை எத்தனை வீட்டில் இருக்கும் என்று தெரியவில்லை.

அம்புக்குறி 'சேமி' பட்டனைச் சுற்றி ஒரு வட்டம் போட்டது. அத்தை துணியைக் கீழே போட்டாள்.

"ஊசியில நூல் கோக்கறதுக்கு முன்னாடி நூல் நுனியை இப்படித்தான் சுத்துவா. நேரா விடுடி, நேரா விடுடின்னு தொண்டை வத்தக் கத்தியிருக்கேன்."

மறுநாளிலிருந்து ஒன்பதாவதற்குள் அத்தை குளித்து முடித்து, நாற்காலியை இழுத்துப் போட்டு அந்த மேசை முன் உட்கார்ந்துவிடுவாள். எனக்கும் ஒரு நாற்காலி போட்டு வைப்பாள். முதலில் நின்றுகொண்டு பார்த்தேன். பிறகு உட்கார்ந்தேன். பேச்சும் வந்தது.

"இந்த ஆமைக்கு எக்ஸ்பிரஸ்னு பேரு வெச்சது யாரு?"

"உங்க பொண்ணுதான்."

"கொழுப்பு. இந்தக் கிளியை ஏன் தினமும் சாகடிக்கறீங்க? ஒரு நாள் லீவு விடக் கூடாதா?"

"அது செத்தாத்தான் அத்தை டெஸ்ட் பாஸ்."

"நல்ல ஆபீஸ்யா இது."

அந்த நீண்ட நிறுத்தம் வரும்போது அத்தை எழுந்து, "இரு, வந்துடறேன்" என்று திரையிடம் சொல்லிவிட்டு டீயைச் சுடவைக்கப் போவாள். அவள் டம்ளரோடு திரும்பவும் அம்புக்குறி அசையவும் சரியாக இருக்கும்.

மச்சான் அவ்வப்போது போன் செய்து அம்மாவைத் தன் வீட்டுக்கு வரச்சொல்வார். "இங்க கொஞ்சம் வேலை இருக்குடா" என்பாள் அத்தை. என்ன வேலை என்று அவரும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

எங்கள் குழுவுக்குத் தலைமை ஒரு பெண். எல்லோரும் அவரை அக்கா என்றுதான் கூப்பிடுவோம். அவரிடமிருந்து ஒரு மத்தியானம் அழைப்பு வந்தது.

"ரெக்கார்டரை மூட்டை கட்டிடலாம்பா. புரோகிராமுக்குப் புதுத் தோற்றம் வருது. பட்டன் எல்லாம் இடம் மாறுது. இடம் பார்த்து அழுத்தற சமாச்சாரம் இனிமே ஒத்து வராது. டெஸ்ட் ரன்னர் பிளகின் போட்டுடணும்." கொஞ்சம் நிறுத்தினார். "நீ பண்றியா? இல்ல கொசுகிட்ட கொடுத்துடட்டுமா?"

கொசு என்பது என்னோடு வேலை பார்க்கிறவனின் பட்டப்பெயர். காதருகே ஓயாமல் ரீங்காரம் போடுவான்.

"நானே பண்றேன்" என்றேன்.

"அவசரம் இல்ல. ஆனா புதுத் தோற்றம் வெளியே போறதுக்குள்ள ஆகணும்."

ரன்னர் என்பது வேறு சாதி. ரெக்கார்டருக்குக் கண் கிடையாது, கை மட்டும்தான். திரையில் எந்தப் புள்ளியில் அழுத்தச் சொன்னோமோ அங்கே போய் அழுத்தும். அங்கே என்ன இருக்கிறது என்று பார்க்காது. ரன்னருக்குக் கண் மட்டும்தான், கை கிடையாது. 'சேமி' எங்கே என்று தேடும். எந்த மூலையில் இருந்தாலும் கண்டுபிடித்து அந்தக் கணமே அழுத்திவிடும். நடுவில் பாதை இல்லை. நிறுத்தம் இல்லை. ரன்னர் ஓடத் தொடங்குகிற அன்று ரெக்கார்டர் நிற்கும். அப்படியென்றால் அவள் நிற்பாள். அக்கா அதை வாய்விட்டுச் சொல்லவில்லை. அதற்காகத்தான் என்னிடம் கேட்டார்.

பிளகின் என்கிற அந்தத் துணைப் புரோகிராமை நிறுவுவது பெரிய வித்தை ஒன்றுமில்லை. என் லேப்டாப்பில் போட்டேன். எந்தப் புரோகிராமை ஓட்ட வேண்டும், அது எந்த ஃபோல்டரில் இருக்கிறது, எப்போது ஓட்ட வேண்டும் என்று ஒரு செட்டிங்ஸ் ஃபைலில் எழுத வேண்டும். எழுதினேன். முதலில் ஜன்னல் திறக்கிறதா, தலைப்பு சரியா என்று பார்க்கிற எளிய சோதனைகள் சிலவற்றைப் போட்டு ஓட்டினேன். கொசு வீடியோ அழைப்பில் என் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

எல்லாம் பச்சை. எல்லாம் பாஸ். ஆனால் திரையில் எதுவும் வரவில்லை.

"டேய், ஜன்னலே திறக்கலையேடா. அப்புறம் எதைப் பார்த்துட்டு பாஸ்ங்குது? உன் டெஸ்ட்டைப் பேய் எதுவும் ஓட்டுதா?" என்றான் கொசு. உடனே நாக்கைக் கடித்துக்கொண்டது அவன் முகத்தில் தெரிந்தது. "சாரிடா. வாய் தவறிடுச்சு."

"பரவாயில்ல."

பேய் இல்லை. எங்கள் புரோகிராம் கிளம்பும்போது இரண்டு ஜன்னல்களைத் திறக்கிறது. முதலாவது கண்ணுக்குத் தெரியாத ஜன்னல். பின்னணியில் இருந்துகொண்டு நினைவூட்டல்களை அனுப்புவது அது. இரண்டாவதுதான் நாம் பார்ப்பது. ரன்னர் எது முதலில் திறந்ததோ அதைப் பிடித்துக்கொண்டு, யாருக்கும் தெரியாத அந்த ஜன்னலுக்குள் உட்கார்ந்து திருப்தியாகச் சோதித்துக்கொண்டிருந்தது. இரண்டாவது ஜன்னல் வரும்வரை பொறுத்திரு என்று ஒரு வரி எழுதினால் போதும். அன்றைக்கே எழுதினேன். அன்றைக்கே சரியாகிவிட்டது.

யாரிடமும் சொல்லவில்லை.

"என்னப்பா ஆச்சு?" என்று அக்கா கேட்பார்.

"ஜன்னல் இன்னும் பிடிபடல அக்கா."

"டேய், ஒரு ஜன்னலுக்கா இவ்வளவு நாள்? ஆசாரியை வரச்சொல்லட்டுமா?" என்பான் கொசு.

புதிய தோற்றம் துண்டு துண்டாகத் தயாராகிக்கொண்டிருந்தது. என் லேப்டாப்பிலிருந்தே அவளுடைய கணினிக்குள் நுழைந்து புதிய பதிப்புகளை நான்தான் ஒவ்வொன்றாக நிறுவுவேன். அதை நிறுத்திவிட்டேன். பழைய பதிப்பின் மேல் அவள் கை தினமும் போய்வந்தது, தினமும் பச்சை காட்டியது. அந்தப் பச்சைக்கு எந்த அர்த்தமும் இல்லை. மாறாத ஒன்றைச் சோதித்து மாறவில்லை என்று சொல்வது. எனக்கு அது போதுமாக இருந்தது.

ஆனால் அக்கா எவ்வளவு நாள் பொறுப்பார்? வேலை கொசுவிடம் போனால் அவன் ஒரே மத்தியானத்தில் முடித்துவிடுவான். அப்போதுதான் எனக்கு ஒரு யோசனை வந்தது. ரன்னர் ஓடட்டும். அதற்குள் அவள் கையை வைத்துவிட்டால்?

முடியாத காரியம் இல்லை. ரன்னரை மெதுவாக நடக்க வைக்கலாம். இந்த இடத்தில் இவ்வளவு நேரம் நில் என்று எழுதலாம். அம்புக்குறியை வட்டம் போடச் சொல்லலாம். ரெக்கார்டரில் அவள் பதிவை ஓடவிட்டு, நிறுத்தி, மறுபடி ஓடவிட்டு, ஒவ்வொரு தயக்கத்தையும் அளந்து எழுதினேன். போன் நம்பரின் முதல் எண்ணுக்குத் திரும்பிப் போவது. ஒரு எழுத்தைத் தப்பாக அடித்து அழிப்பது. அந்த நீண்ட நிறுத்தம். அவள் போன பிறகு நான் ஒழுங்காகச் செய்த வேலை அது ஒன்றுதான்.

எழுதி முடித்த அன்று மத்தியானம், கூடத்தில் இருந்தபடியே பிளகினை அவள் கணினியிலும் நிறுவினேன். என் லேப்டாப்பின் செட்டிங்ஸ் ஃபைலை அப்படியே நகல் எடுத்து அங்கே போட்டேன். அத்தையைக் கூப்பிட்டேன்.

"இப்ப என்ன, மத்தியானத்துல?" என்றாள்.

"சும்மா பாருங்க."

ஓடியது. பெயர் விழுந்தது. நம்பர் விழுந்தது. திரும்பிப் போய்ப் பார்த்தது. வட்டம் போட்டது. அத்தை கையைக் கட்டிக்கொண்டு கடைசிவரை பார்த்தாள்.

"இது அவ இல்ல மாப்பிள்ளை" என்றாள். "இது நீங்க."

"எல்லாம் அவ செஞ்சதுதான் அத்தை. அளந்து போட்டிருக்கேன்."

"அளந்ததாலதான் சொல்றேன். அவ யோசிச்சுட்டு நிப்பா. இது பயந்துட்டு நிக்குது." நாற்காலியை விட்டு எழுந்தாள். "முகம் கழுவிட்டு வாங்க. டீ போடறேன்."

ரன்னரை மூடினேன். எழுதியதை அழித்தேன். பிளகினை அந்தக் கணினியிலிருந்து எடுக்கத் தோன்றவில்லை. கிடக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

அங்கேதான் தவறு. என் லேப்டாப்பின் செட்டிங்ஸ் ஃபைலில் ஒரு வரி இருந்தது. தினமும் காலை எட்டு மணிக்குப் புரோகிராமின் புதிய பதிப்பை இழுத்து, பழையதன் மேல் போடு. எங்கள் எல்லோருடைய ஃபைலிலும் அந்த வரி இருக்கும். நகல் எடுக்கும்போது யாரும் அதைப் படிக்க மாட்டோம். கண்ணில் படாத அளவுக்குப் பழகிய வரி.

மறுநாள் ஒன்பது மணி. நான் சமையலறையில் பல் தேய்த்த வாயோடு நின்றிருந்தேன். உள்ளே அத்தை சிரித்தாள். என் மனைவி இறந்த பிறகு அந்த வீட்டில் அப்படி ஒரு சிரிப்பு கேட்டதில்லை.

"மாப்பிள்ளை! ஓடி வாங்க! கிளி இன்னிக்குச் சாகாது, டிக் போடற கட்டத்தையே காணோம்!"

போனேன். திரையைப் பார்த்ததும் புரிந்துவிட்டது. எழுத்தின் நிறம் வேறு. ஓரங்கள் வேறு. பதிவுப் பக்கத்தை இன்னும் மாற்றாததால் வக்கீல் ஒழுங்காகப் பதிவாகியிருந்தான். ஆனால் பிராணியின் சொந்தப் பக்கம் முழுக்க மாறியிருந்தது. 'இறந்தது' என்ற கட்டம் வலது ஓரத்திலிருந்து மேலே பெயருக்குப் பக்கத்தில் ஏறியிருந்தது. 'சேமி' அடிப்பக்கம் இறங்கியிருந்தது. பழைய இடங்களில் வெறும் வெள்ளை.

"பார்த்தீங்களா? லீவு விட்டுட்டா" என்றாள் அத்தை. கண்ணில் நீர் வரச் சிரித்தாள்.

அம்புக்குறி வலது ஓரத்துக்குப் போனது. வெள்ளையில் நின்றது. அழுத்தியது. பிறகு கொஞ்சம் கீழே வந்து, இல்லாத ஒரு பட்டனைச் சுற்றி ஒரு வட்டம் போட்டது. அழுத்தியது.

அத்தையின் சிரிப்பு மெல்ல நின்றது.

"எதை அழுத்தறா?"

"சேமி பட்டன் அங்க இருந்துச்சு அத்தை. இடத்தை மாத்திட்டாங்க."

"அது கீழ இருக்கே. எனக்கே தெரியுதே."

"அவளுக்குத்..." என்று தொடங்கிவிட்டேன். "ரெக்கார்டருக்குத் தெரியாது. அது பார்க்காது."

அம்புக்குறி அடுத்த வேலைக்குப் போனது. இல்லாத பெட்டிக்குள் கிளி இறந்த தேதியை அடித்தாள். ஓர் எழுத்துகூடத் திரையில் விழவில்லை. தப்பாக அடித்த ஒரு எண்ணை அழிப்பதற்கு நிற்கிற அந்தச் சின்ன இடைவெளி வந்தது. அழிக்க அங்கே ஒன்றுமில்லை. அழித்தாள். திருத்தினாள். திரும்பிப் போய்ச் சரிபார்த்தாள். எல்லாம் வெள்ளையில். இடித்துத் தள்ளிய வீட்டில் ஒருத்தி சுவிட்ச் இருந்த உயரத்தில் கையை நீட்டி விளக்குப் போட்டுக்கொண்டே அறை அறையாகப் போவது மாதிரி இருந்தது.

"சொல்ல முடியாதா அவகிட்ட?" என்றாள் அத்தை.

நான் நாற்காலியை இழுத்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"மாப்பிள்ளை, உங்களைத்தான் கேக்கறேன். உங்களுக்குத்தான் இந்த மிஷின் எல்லாம் தெரியுமே. கீழ இருக்குடின்னு ஒரு வார்த்தை சொல்ல முடியாதா?"

"முடியாது அத்தை."

நீண்ட நிறுத்தம் வந்தது. அம்புக்குறி வெள்ளையின் நடுவே நின்றது. வழக்கமாக டீ சுடவைக்கப் போகிற நேரம். அத்தை எழுந்திருக்கவில்லை. அவள் திரையைப் பார்த்தாள், நான் தரையைப் பார்த்தேன். அதற்குள் எனக்கு வழி தெரிந்துவிட்டது. எங்கள் தொழிலில் எதுவும் முழுதாக அழிவதில்லை. பழைய பதிப்பு அலுவலகத்தின் கணினிக் கிடங்கில் இருக்கும்.

"அத்தை, பழசு ஆபீஸ்ல இருக்கு. அதைத் திரும்பப் போட்டுடறேன். புதுசு வராம பூட்டு போட்டுடலாம். நாளைக்கு எல்லாம் முன்ன மாதிரியே இருக்கும். லைசென்ஸ் முடிஞ்சாலும் நான் வாங்கிக்கறேன். இந்தக் கணினியையே வாங்கிக்கறேன். யாருக்கும் தெரியாது."

வேகமாகப் பேசினேன். நான் அவ்வளவு பேசி நாளாகியிருந்தது. அத்தை திரும்பி என்னைப் பார்த்தாள். திரையைப் பார்த்துக்கொண்டிருந்த அதே பார்வை.

"போட்டா?"

"போட்டா பட்டன் எல்லாம் பழைய இடத்துல இருக்கும். அவ சரியா அழுத்துவா."

"நாளைக்கும் சரியா அழுத்துவா. அடுத்த வருஷமும் சரியா அழுத்துவா." அத்தை புடவைத் தலைப்பால் மூக்கைத் துடைத்தாள். "நான் பார்த்துட்டேனே மாப்பிள்ளை. நீங்க அவளைச் சுத்திப் பழைய வீட்டைக் கட்டி வெச்சாலும் எனக்கு இதுதான் தெரியும். அவளுக்கு ஒண்ணும் தெரியலை. நாம இங்க உக்காந்திருக்கறது தெரியலை. நான் டீ போடப் போறேன்னு சொல்லிட்டுப் போனதெல்லாம்..."

அம்புக்குறி அசைந்தது. மறுபடி வலது ஓரத்துக்குப் போனது. 'இறந்தது' இருந்த இடம். பக்கத்தை விட்டு வெளியேறுவதற்கு முன் டிக் விழுந்திருக்கிறதா என்று அவள் இரண்டாம் முறை பார்ப்பாள். வெள்ளையில் நின்று பார்த்தாள்.

"நிறுத்திடுங்க" என்றாள் அத்தை. "பாவம், அலையறா."

எஸ்கேப் விசையை அழுத்தினால் ரெக்கார்டர் நின்றுவிடும். எல்லா நாளும் அது என் விரலுக்கு எட்டுகிற இடத்தில்தான் இருந்தது. அழுத்தினேன். 'பாதியில் நிறுத்தப்பட்டது' என்று ஒரு வரி வந்து, தானே மறைந்தது.

கூடத்தில் என் லேப்டாப் மணியடித்தது. அக்காவாக இருக்கும். அத்தை புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டாள். "ஞாயித்துக்கிழமை வந்து கூட்டிட்டுப் போகச் சொல்லி உங்க மச்சான்கிட்ட சொல்றேன்" என்றாள்.

"சரி அத்தை."

"நீங்களும் கூட வந்து ஒரு வாரம் இருந்துட்டு வாங்க. அங்க கொசுக்கடி மட்டும்தான் பிரச்சினை."

"இங்க ஆபீஸ்லயே ஒரு கொசு இருக்கு."

அவள் லேசாகச் சிரித்த மாதிரி இருந்தது. இல்லாமலும் இருக்கலாம்.

இனி ரன்னரை இந்தக் கணினியில் ஓட்டிக் காட்டி, ஜன்னல் பிடிபட்டுவிட்டது என்று அக்காவிடம் சொல்ல வேண்டும். சாகாமல் தங்கிப்போன இந்த ஒரு வக்கீலைக் கையால் துடைக்க வேண்டும். வேலை இருந்தது. ஆனால் அம்புக்குறி அங்கேயே நின்றுகொண்டிருந்தது. வெள்ளையில், வலது ஓரத்தில், அவள் விட்ட இடத்தில். பாதையின் நடுவே நிறுத்தியதால் அங்கேயே தங்கிவிட்டது. யாராவது மவுஸைத் தொடும்வரை அது அவள் வைத்த இடம். தொட்டால் என் இடம்.

மவுஸ் என் கைக்குப் பக்கத்தில் இருந்தது. அதன் மேல் மெல்லிய தூசி. இத்தனை நாளும் அது தொடப்படாமலேதான் திரையில் எல்லாம் நகர்ந்திருக்கிறது. அத்தை தினமும் மேசையைத் துடைத்தும் அதை மட்டும் துடைக்காமல் விட்டிருக்கிறாள் என்பதை அப்போதுதான் கவனித்தேன்.

திரை தூங்கப்போகும் நேரம் வந்து, வெளிச்சம் ஒரு படி குறைந்தது. இன்னும் விட்டால் முழுக்க இருண்டுவிடும்.

"நகர்த்துங்க மாப்பிள்ளை" என்றாள் அத்தை.

நகர்த்தினேன்.